திரு. காளத்தி அவர்களின் கிரியை

முதலில் வம்புக்கு வந்தது ஆதிமூலம் மாஸ்டர்தான், நான் இல்லை. அதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். நான் மூச்சு விடுவது தப்பு என்று சொன்னார் சார். அறுபத்தேழு வருஷமாக விட்டுக்கொண்டிருக்கிறேன். அதில் நாற்பத்தோரு வருஷம் இதே பண்ருட்டியில், இதே கடையில், ஊரில் இருக்கிற வண்டிக்கெல்லாம் காற்று அடித்துக்கொண்டே விட்டிருக்கிறேன். ஒருத்தரும் குறை சொன்னதில்லை. இவர் வந்தார், என் வயிற்றைப் பார்த்தார், "பெரியவரே, நீங்க மூச்சு விடறதே தப்பு" என்றார். நாற்பது பேர் முன்னால்.

அந்த ஸ்டூலில் உட்காருங்கள். பின்சக்கரம்தானே, அரை மணி நேரம் ஆகும். அவசரப்படுத்தினால் ஒட்டு நிற்காது. வண்டியில் கட்டியிருக்கிறீர்களே, சுருட்டின பாய், அதைப் பார்த்ததும்தான் எனக்கு எல்லாம் கிளம்பிவிட்டது. யோகா பாய்தானே? மண்டபத்து மாடி வகுப்புக்குத்தானே? நாளைக் காலையிலிருந்தா? போங்கள் சார், தாராளமாகப் போங்கள். நான் தடுக்கிறவன் இல்லை. போகிற இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு போங்கள், அவ்வளவுதான்.

எனக்குச் சர்க்கரை இருநூற்று எண்பதில் நின்றது. டாக்டர் திட்டினார். என் சம்சாரம் தனபாக்கியம் அதைப் பிடித்துக்கொண்டாள். "மாடியில சும்மாவே சொல்லித் தராங்களாம், போய்த்தான் பாரேன்யா, கடைக்கு முன்னால உக்காந்து ரோட்டையே மொறைச்சுக்கிட்டு இருக்கியே" என்றாள். நான் எதற்கு ரோட்டை முறைக்கிறேன்? சரி, போனேன். போன முதல் நாள்தான் அந்த வார்த்தை.

"மூச்சை இழுக்கும்போது வயிறு வெளியே வரணும், விடும்போது உள்ளே போகணும். உங்களுக்குத் தலைகீழா நடக்குது பெரியவரே."

"மாஸ்டர், நான் பஞ்சர் கடைக்காரன். காத்து உள்ளே போனா டியூப் உப்பும், வெளியே வந்தா சுருங்கும். எனக்கேவா?"

"அப்ப உங்க டியூப் மட்டும் ஏன் காத்து போகப் போகச் சுருங்குது?"

நாற்பது பேரும் சிரித்தார்கள். படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்து சிரித்தான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? மறுநாள் போகக்கூடாது என்று முடிவு செய்தேன். பிறகு யோசித்தேன். போகாவிட்டால் பயந்துவிட்டான் என்பார்கள். அதனால் போனேன். அதற்கு அடுத்த நாளும் அதனால்தான் போனேன். இன்று காலையிலும் அதனால்தான் போனேன்.

இதோ பாருங்கள், ஆணி. அரை இஞ்சு. இதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் வந்தீர்கள்?

இரண்டாவது வாரம் மூக்கில் தண்ணீர் விடச் சொன்னார். நேத்தி என்று பேர். மூக்கு வைத்த சின்னக் குவளை, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். இந்த மூக்கில் ஊற்றினால் அந்த மூக்கில் வருமாம். நான் கேட்டேன்: "மாஸ்டர், நாங்க டியூபைத் தண்ணியில விடுவோம். தண்ணியை டியூபுக்குள்ள விடற வழக்கம் இல்லையே?" அவர் கோபப்படவில்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம், கோபமே வராது. "எதுக்குச் செய்யறோம்னு தெரிஞ்சா நீங்களே செய்வீங்க. அடைச்ச குழாயில மூச்சுப் பயிற்சி பண்ணி என்ன பிரயோசனம்? முதல்ல சுத்தம், அப்புறம் மூச்சு, அப்புறம்தான் மனசு. ஒவ்வொண்ணும் எதுக்குன்னு தெரிஞ்சு, அதுக்குண்டான முறையில செஞ்சா, அதுக்குப் பேரு கிரியை" என்றார்.

கிரியை! வகுப்பில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நான்தான் வாயைத் திறந்தேன். "மாஸ்டர், எங்க ஊர்ல கிரியைன்னா சாவுக் காரியம். அதைக் காலங்காத்தால சொல்லாதீங்க."

"அதுவும் எதுக்குன்னு தெரிஞ்சு செய்யற காரியம்தானே பெரியவரே" என்று சிரித்துவிட்டார். அவர் சேலத்துப் பக்கத்துக்காரர். மற்றவர்கள் கிரியா என்பதை அவர் கிரியை என்பார், எல்லாப் பேரையும் தமிழாக்கித்தான் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம். நான் எச்சரித்தேனா இல்லையா? நாற்பது பேர் சாட்சி. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பாருங்கள், உப்புத்தாளை வைத்து டியூபைத் தேய்க்கிறேன். எதற்குத் தேய்க்கிறேன்? வழவழப்பாக இருந்தால் பேட்ச் பிடிக்காது. தேய்த்த பிறகு சொல்யூஷன். பூசின உடனே ஒட்டக்கூடாது, காய வேண்டும், விரல் வைத்தால் லேசாக ஒட்டுகிற பதம். எதற்கென்று தெரியாதவன் ஈரத்திலேயே ஒட்டுவான். அவன் கடைக்கு நாளைக்கே வண்டி திரும்பி வரும். இதை ஒருநாள் நான் மாஸ்டரிடம் சொன்னேன். "நீங்க சொல்ற கிரியை எங்க கடையில தினம் நடக்குது" என்றேன். அவர் என்னையே பார்த்தார். மறுநாள் வகுப்பில் உப்புத்தாளையும் சொல்யூஷனையும் உதாரணமாக எடுத்துவிட்டார் பாருங்கள், தானே கண்டுபிடித்த மாதிரி! பக்கத்தில் இருந்தவன் "மாஸ்டர் என்னமா சொல்றாருய்யா" என்றான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அதைப் பிறகு அவரிடமே கேட்டேன். "என் சரக்கை எடுத்து வித்துட்டீங்களே?"

"சரி, நாளைக்கு நீங்களே மேடையில உக்காந்து சொல்லுங்க. வேகவேகமா இழுத்து விடற துருத்தி மூச்சை உங்களைவிட நல்லா யாரு காட்டுவா? பம்பு அடிச்ச கை. நான் ஊருக்கே அறிவிக்கிறேன்."

உடனே தலையை ஆட்டிவிட்டேன் சார். நான் மூன்றாம் வகுப்பு. நாலு பேருக்கு முன்னால் நின்று பேசியது கிடையாது. என் பேரை ஒரு நோட்டீசில் நான் பார்த்தது கிடையாது. பார்க்க வேண்டிய ஒரு நோட்டீசிலும் இல்லாமல் போனது.

அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குக் கதை புரியாது. தனபாக்கியத்தின் அண்ணன், பேர் வைத்திலிங்கம், நெல்லிக்குப்பம். எனக்கு மச்சான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தன் மகளுக்குக் கல்யாணம் வைத்தான். பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தான். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். மாமன் பேர் இருக்கிறது, சித்தப்பன் பேர் இருக்கிறது, சிங்கப்பூரில் இருக்கிற எவனோ பேர் இருக்கிறது. கூடப் பிறந்த தங்கையின் புருஷன் பேர் இல்லை. மேலிருந்து கீழே மூன்று தடவை படித்தேன். அச்சகத்தில் விட்டுப்போச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் காப்பியைக் குடித்துவிட்டு, "எல்லாரும் வந்துடுங்க" என்று போய்விட்டான். நான் போகவில்லை. தனபாக்கியத்தையும் அனுப்பவில்லை. அவள் போன் நம்பரையும் மாற்றிவிட்டேன். ஒன்பது வருஷம் அவள் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவள் ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அழவே இல்லை, நான் பார்த்தவரைக்கும்.

சரி, நோட்டீசுக்கு வருகிறேன். மாஸ்டர் எழுதினார். எங்கே எழுதினார் தெரியுமா? தெருமுனையில் கரும்பலகை இருக்கிறதே, நண்பர்கள் குழு வைத்தது. அதில் சாவுச் செய்தியைத் தவிர வேறு எதுவும் எழுத மாட்டார்கள். யார் போனார், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தத் தெருவில் பிறந்த நாய்க்குக்கூடத் தெரியும். சேலத்துக்காரருக்குத் தெரியவில்லை. அழகான எழுத்து அவருக்கு. சாக்பீஸை எடுத்து எழுதிவிட்டார்:

"திரு. காளத்தி (பஞ்சர் கடை) அவர்களின் கிரியை நாளை காலை ஆறு மணிக்கு மண்டபத்தில் நடைபெறும். அனைவரும் வருக."

திரு போட்டிருந்தார் சார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக என் பேருக்கு முன்னால் ஒருவர் திரு போட்டார், அது அந்தப் பலகையில்.

எனக்கு இது தெரியாது. நான் அன்று சீக்கிரம் கடையைச் சாத்திவிட்டு வேட்டியை வெளுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எவனோ அதைப் போட்டோ எடுத்து அனுப்ப, அது போய் நெல்லிக்குப்பத்தில் விழுந்திருக்கிறது. பலகையைப் பார்த்தவர்களுக்கு ஒரே அர்த்தம்தான். காளத்தி போய்ச் சேர்ந்துவிட்டான், விடிந்ததும் மண்டபத்திலிருந்தே எடுக்கிறார்கள்.

நான் காலையில் ஐந்து மணிக்கே மண்டபத்துக்குப் போய்விட்டேன். நேத்தி செய்தேன். முறையாகச் செய்தேன், இருந்தும் மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. வெளுத்த வேட்டி நனையக்கூடாது என்று இரண்டு மூக்கிலும் கொஞ்சம் பஞ்சு வைத்துக்கொண்டேன். பஞ்சு இரண்டு தடவை கீழே விழுந்தது. மாஸ்டர் பார்த்தார். "பதட்டமா இருக்கீங்க. மேடையில பாயைப் போட்டுச் சவாசனத்துல படுங்க. எது நடந்தாலும் கண்ணைத் திறக்கக் கூடாது, அசையக் கூடாது. நானே வந்து எழுப்பறேன்" என்றார். படுத்தேன். கொசு பிடுங்கியது. வெள்ளைத் துண்டைக் கழுத்துவரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டேன். மாஸ்டர் தலைமாட்டில் விளக்கை ஏற்றி, கொசுவுக்காக ஒரு கொத்து ஊதுபத்தியையும் கொளுத்தி வைத்துவிட்டு, தண்ணீர் கொண்டுவரப் பின்பக்கம் போனார்.

சிரிக்காதீர்கள் சார். எனக்கு அப்போது எப்படித் தெரியும்?

படியில் ஆட்கள் ஏறி வருகிற சத்தம். வகுப்புக்காரர்கள் என்று நினைத்தேன். யாரோ "ஐயோ" என்றார்கள். ஒரு மாலை வந்து என் நெஞ்சின் மேல் விழுந்தது. நான் மேடைக்கு வந்தவன் இல்லையா, மாலை போடுகிறார்கள் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்கவில்லை. சொன்ன முறைப்படிதானே செய்ய வேண்டும்? அடுத்தது ஒரு ஆள் வந்து என் காலடியில் விழுந்தான்.

"மாப்ளே! போயிட்டியா மாப்ளே! ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டியா!"

வைத்திலிங்கம். ஒன்பது வருஷம் கழித்தும் அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? மூக்கால் பேசுவான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது, பலகை, கிரியை, பஞ்சு, துண்டு. எழுந்திருக்க வேண்டியதுதானே என்பீர்கள். மாஸ்டர் அசையக் கூடாது என்றாரே? நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன். அதோடு, கேட்டுவைப்போமே என்றும் இருந்தது.

அழுதான் சார். எழுபது வயசு ஆள், தேம்பித் தேம்பி அழுதான். "எந்தங்கச்சியை இப்படி நட்டாத்துல விட்டுட்டியே" என்றான். அது எனக்குப் பிடிக்கவில்லை, நான் எங்கே விட்டேன்? இருந்தும் பொறுத்துக்கொண்டேன். "வருஷா வருஷம் பொங்கலுக்கு உங்க தெருமுனை வரைக்கும் வருவேன் மாப்ளே, சீர்த்தட்டோட வருவேன், தைரியம் இல்லாம திரும்பிடுவேன்" என்றான். என் கண் ஓரத்தில் நேத்தித் தண்ணீர் வழிந்தது. நேத்தித் தண்ணீர்தான். அது சில சமயம் அந்தப் பக்கமும் வரும், மாஸ்டரே சொல்லியிருக்கிறார்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னான்:

"அந்தப் பத்திரிகையில ஒம்பேரை நானே..."

வந்துவிட்டது! ஒன்பது வருஷம் காத்திருந்தது வாய்வரைக்கும் வந்துவிட்டது. நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன். கும்பகம் என்பார்கள் அதற்கு. அவ்வளவு சுத்தமான கும்பகம் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை.

அந்த நேரம் பார்த்து மாஸ்டர் தண்ணீர்ச் செம்போடு பின்பக்கத்திலிருந்து வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் பார்வையாளர்கள் முன்கூட்டியே வந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, அவருடைய அந்த மெதுவான குரலில், "காளத்தி அவர்களே... மெல்ல... வலது பக்கமா ஒருக்களிச்சு... எழுந்து உக்காருங்க" என்றார்.

உடம்பு எழுந்துவிட்டது சார்! நான் எழுந்திருக்கவில்லை, எனக்கு எழுந்திருக்கிற எண்ணமே இல்லை. இரண்டு மாசமாகத் தினம் அந்தக் குரலுக்கு எழுந்து எழுந்து உடம்பு பழகிப்போயிருந்தது. வலது பக்கம் ஒருக்களித்து, கையை ஊன்றி, மாலையோடும் பஞ்சோடும் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு பெண்கள் படியில் இறங்கி ஓடினார்கள். ஒருத்தர் பின்னாலேயே நகர்ந்துபோய் விளக்கைத் தட்டிவிட்டார். வைத்திலிங்கம் மட்டும் என் கையை விடவில்லை. வாயைத் திறந்தபடி பார்த்தான். நான் பஞ்சை எடுத்துவிட்டு, "நானே?" என்றேன். "மச்சான், நானே... அப்புறம்? சொல்லு" என்றேன்.

"உசுரோட இருந்துக்கிட்டா கேட்டுக்கிட்டு இருந்தே?" என்றான்.

"அது கிடக்கட்டும். நானே என்ன?"

"உனக்கு மனசாட்சி இருக்கா?"

அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டான். என்னவோ நான் தப்பு செய்த மாதிரி! நான் என்ன செய்தேன்? படுத்திருந்தேன்.

தனபாக்கியம் அதற்குள் வந்துவிட்டாள். யாரோ வீட்டுக்குப் போய் அவளைப் பார்த்து அழுதிருக்கிறார்கள். "அவரு இப்பத்தானே டீ குடிச்சிட்டுப் போனாரு" என்று சொல்லிவிட்டு ஓடிவந்திருக்கிறாள். அண்ணன் நிற்கிறதைப் பார்த்தாள். அவன் கக்கத்தில் ஒரு துணிக்கடைப் பை. கோடிச் சேலை சார். புருஷன் போனால் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவருவார்களே, அது. அவன் அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"என்னாண்ணா அது, குடு" என்றாள்.

"வேணாம் பாக்கியம். இது... இது வேற."

"ஒம்பது வருஷம் கழிச்சுப் பொறந்த வீட்டுச் சேலை வந்திருக்கு. எதுக்கு வந்தா எனக்கென்ன? குடு இங்க."

பிடுங்கிக்கொண்டாள். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. அவளே பிரித்துப் பார்த்தாள். "இவரு சாவுக்காண்ணா இவ்ளோ நல்ல சேலை எடுத்தே" என்று அண்ணனைக் கேட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அப்படி அழுதாள். எதற்கு அழுதாள் என்று எனக்கு இன்றுவரைக்கும் புரியவில்லை. நான்தான் உயிரோடு இருந்தேனே. இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் அதைத்தான் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகிறாள். தெருவில் முகம் சுளிக்கிறார்கள். "எம்புருசன் நல்லா இருக்காரு, சேலையும் நல்லா இருக்கு" என்கிறாள்.

காய்ந்துவிட்டது. பேட்ச் போடுகிறேன். சுத்தியால் ரெண்டு தட்டு. அவ்வளவுதான். பார்த்தீர்களா, பொறுத்தால் பிடிக்கிறது. இதைத்தான் நான் மாஸ்டரிடம் அன்றே கேட்டேன். "ஒரு நிமிஷம் பொறுக்கக் கூடாதா மாஸ்டர்? ஒரே ஒரு வார்த்தை பாக்கி இருந்தது. ஈரத்துல ஒட்டிட்டீங்களே!"

அவர் பலகை விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டார். கும்பிட்டே கேட்டார். நான் அதற்கா கேட்டேன்? அந்த ஒரு நிமிஷத்துக்கு ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார். என்னையே திருப்பிக் கேட்கிறார்: "நீங்க எதுக்காகப் படுத்தீங்க பெரியவரே? ஓய்வுக்கா, ஒட்டுக்கேக்கவா? எதுக்குன்னு தெரியாம செஞ்சா அது கிரியை இல்லையே?"

எனக்குத் தெரியாதா எதற்கென்று?

மேடையில் துருத்தி மூச்சு காட்டச் சொல்லிப் பிறகு இரண்டு தடவை கூப்பிட்டார். மாட்டேன் என்றுவிட்டேன். அதெல்லாம் இந்தக் கணக்கு தீர்ந்த பிறகு.

அன்றைக்கு மாஸ்டர் வைத்திலிங்கத்துக்கு நாடி பிடித்துப் பார்த்தார். "ரத்தக் கொதிப்பு இருக்கும்போல, நீங்களும் வாங்க" என்றார். அவனும் வருகிறான் சார். நாலு மாசமாகத் தினம் முதல் பஸ்ஸில் நெல்லிக்குப்பத்திலிருந்து வருகிறான். கொதிப்புக்காக என்று சொல்லிக்கொள்கிறான். நெல்லிக்குப்பத்தில் இல்லாத யோகாவா? வகுப்பு முடிந்ததும் எங்கள் வீட்டில்தான் இட்லி. என்னோடு பேச மாட்டான். "பாக்கியம், அவருக்குச் சட்னி வேணுமான்னு கேளு" என்பான். "போதும்னு சொல்லு" என்பேன். தனபாக்கியம் நடுவில் நின்றுகொண்டு சிரிப்பாள். அவளுக்கு எல்லாம் விளையாட்டு.

சர்க்கரையா? நூற்று நாற்பது. மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார்கள். அதற்கும் யோகாவுக்கும் சம்பந்தமில்லை. தினம் கோபத்தோடு மாடிப்படி ஏறுகிறேன் இல்லையா, அதில் குறைந்திருக்கும்.

என் பாய் மேடைக்குப் பக்கத்தில், ஜன்னல் ஓரம். அவன் பாய் அதற்கு அடுத்தது. வேறு இடம் எவ்வளவோ காலியாக இருக்கிறது, அங்கேதான் போடுகிறான். கடைசிப் பத்து நிமிஷம் சவாசனம். எல்லோரும் கால் விரலிலிருந்து தளர்த்திக்கொண்டு போவார்கள். நானும் எல்லாவற்றையும் தளர்த்துவேன், இடது காதைத் தவிர. ஒருவேளை அன்றைய ஞாபகத்தில் அவனாகச் சொல்லிவிடலாம். "நானே எடுத்துட்டேன்" என்றாலும் சரி, "நானேதான் எழுதிக் குடுத்தேன், அச்சுக்காரன் விட்டுட்டான்" என்றாலும் சரி. எதுவாக இருந்தால் என்ன, எனக்கு வர வேண்டிய வார்த்தை வந்தாக வேண்டும். சில நாள் அவன் மூச்சு மாறும். தொண்டையைக் கனைப்பான். நான் கும்பகத்தில் நிற்பேன். பார்த்தால் குறட்டை விடுகிறான்.

காற்று அடித்தாயிற்று. அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி. நாளைக்கு ஐந்தரைக்கு வந்துவிடுங்கள், மாஸ்டருக்குத் தாமதமாக வந்தால் பிடிக்காது. நான் அதற்கு முன்னாலேயே இருப்பேன். புது ஆள் என்பதால் எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளச் சொல்வார். எங்கே வேண்டுமானாலும் போடுங்கள் சார். எனக்கும் வைத்திலிங்கத்துக்கும் நடுவில் மட்டும் உங்கள் பாயைப் போட்டுவிடாதீர்கள்.